எங்கள் கொல்லையில் வைத்த அதிர்வுமானி

அதிர்வுமானி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வெள்ளை ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஓட்டுநர். இன்னொருவர் முப்பது வயதைத் தாண்டிய பெண். ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் விஞ்ஞானி. எங்கள் கொல்லையின் மேற்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். அடியில் சீக்கிரம் இறுகும் சிமெண்டைப் பூசி, குக்கர் அளவுள்ள உலோக உருளை ஒன்றை அதன்மேல் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் மேலே வந்து, கார் பேட்டரியோடு இருந்த பெட்டிக்குள் போனது. மேலே தகரத்தைப் போட்டு மூடி, நான்கு குச்சி நட்டு மஞ்சள் நாடா கட்டினார்கள். மொத்தம் மூன்று மணி நேர வேலை.

கொல்லை என்று எங்கள் பக்கம் சொல்வது வீட்டின் பின்புறத்தை அல்ல, மழையை நம்பிய நிலத்தை. எங்களுடையது மாரண்டஹள்ளி சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாதியில் கிணற்றுத் தண்ணீரை இழுத்துத் தக்காளி போடுகிறோம். மேற்கு எல்லையைத் தாண்டினால் அரசுப் புறம்போக்கான ஒரு கரடு, சின்னக் கல்குன்று. அந்தக் கரட்டில் குவாண்டம் சிப் தயாரிக்கும் மையம் வரலாம் என்று பேச்சு இருந்தது. 'வரலாம்' என்பதை 'வரும்' என்று நிருபர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்துவதே எனக்கு முப்பது ஆண்டு வேலை. ஒரு நாளிதழின் செய்தி திருத்தும் மேசையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கு வந்து தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருக்கிறேன். ஊரில் எல்லோரும் 'வருது' என்றுதான் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

செய்தி இவ்வளவுதான். ஆய்வுக்கூடங்களில் ஒன்றிரண்டாகச் செய்துவந்த சிப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து பார்க்க அரசு பணம் ஒதுக்கியிருந்தது. எப்போது பலன் வரும் என்று சொல்ல முடியாத வேலை என்பதால் தனியார் யாரும் முன்வரவில்லை. முழுவதும் பொதுப் பணம். மூன்று மாவட்டங்களில் மூன்று இடங்கள் பரிசீலனையில் இருந்தன. எங்கள் கரடு அதில் ஒன்று. மார்ச் முடிவதற்குள் இடத்தை முடிவு செய்யாவிட்டால் ஒதுக்கிய பணம் கஜானாவுக்கே திரும்பிவிடும். முடிவு செய்வதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கைக்கு வேண்டியது, இரண்டு வாரம் அந்த மண் எவ்வளவு ஆடுகிறது என்ற பதிவு.

"முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசா கோடு போடணும் சார்," என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். "போடற நேரத்துல தரை ஆடிச்சின்னா கோடு கலைஞ்சிரும். போட்டு முடிச்ச சிப்பை வேலை செய்ய வைக்கவும் அமைதி வேணும். குளிரும் வேணும்."

தம்பி அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "நாங்களும் கோடுதாங்க போடறோம். கல்லுல," என்றான். "வரிசையா தொள போட்டுப் பொளக்கணும். கோணலா போனா கல்லு வீணு."

"குவாரியா அண்ணா?"

"ஆமாங்க. அதோ தெரியுது பாருங்க, வெள்ளையா. அதான்."

அவர் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். குவாரி அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது.

"சிப்பு வந்தா குவாரி என்னாவுங்க?" என்று தம்பி கேட்டான்.

அவர் மழுப்பவில்லை. "இங்க இடம் முடிவாச்சின்னா அதை மூடிருவாங்கண்ணா. பக்கத்துல வெடி வைக்க விட மாட்டாங்க."

தம்பி தலையை ஆட்டினான்.

தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் குவாரியில் துளை போடுகிறான். கம்ப்ரசர் காற்றில் ஓடும் துளைக்கருவியை ஊரில் மெஷின் என்பார்கள். அதன் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, உடம்பின் எடையை அதன்மேல் போட்டு, காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை நிற்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு குளிர்காலக் காலைகளில் அவன் விரல் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. பிறகு குளிர் இல்லாமலும் வெளுத்தன. இப்போது மணிக்கட்டிலிருந்து கீழே உணர்ச்சி இல்லை. வலியும் இல்லை.

அவன் எதையும் பார்த்துத்தான் பிடிப்பான். டீ கிளாஸை எடுத்தால் விரல்கள் அதைச் சுற்றி மூடிவிட்டனவா என்று பார்த்த பிறகுதான் தூக்குவான். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவாள். பைக்கை விற்றுவிட்டான், கிளட்ச் பிடிபடவில்லை. தக்காளி பறித்தால் நசுங்கும். மாட்டில் பால் கறக்கப் போனால் மாடு உதைக்கும். மெஷின் ஒன்றுதான் அவனால் முடிந்தது. அதைப் பிடிக்க உணர்ச்சி தேவையில்லை. ஓட ஆரம்பித்ததும் அது கையைப் பிடித்துக்கொள்ளும்.

தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். மெஷினை விட்டுவிட வேண்டும் என்றார் அவர். விட்டால் உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம், சில சமயம் சில நாட்களிலேயே தெரியும், சில சமயம் மாதக்கணக்காகும் என்றார். தம்பி, "விட்டுட்டு என்ன செய்யட்டுங்க?" என்று கேட்டான். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அவன் வேலைக்குப் போய்விட்டான்.

ஆக, அந்த உலோக உருளை மண்ணுக்குள் இறங்கிய அன்று எங்கள் வீட்டில் நிலைமை இது: அது அமைதியைக் காட்டினால் சிப் மையம் வரும், குவாரி மூடப்படும், தம்பியின் வேலை போகும். அது அதிர்வைக் காட்டினால் மையம் வராது, தம்பி மெஷினோடு இருப்பான். தம்பி மனைவி முதலாவது நடக்க வேண்டும் என்று விரும்பினாள். தம்பி என்ன விரும்பினான் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

தம்பி மனைவியின் விருப்பத்துக்குக் காரணம் இருந்தது. தலைவர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தலைவர் என்றால் முன்னாள் ஊராட்சித் தலைவர். பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் ஊரில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை.

"பெட்டி உங்க கொல்லையிலதான இருக்குது? மொத வாச்மேன் வேலை உன் வூட்டுக்காரனுக்குத்தான்," என்று அவர் சொன்னாராம். "வாச்மேனுக்குக் கையில உணர்ச்சி எதுக்கு? கண்ணு தெரிஞ்சா போதும்."

அவள் அதை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். தம்பி சோற்றைப் பார்த்துப் பிசைந்துகொண்டே, "எத்தன பேருக்குச் சொல்லியிருக்கறாருன்னு கேட்டியா?" என்றான்.

"எத்தன பேருக்கு?"

"குவாரியிலயே ஆறு பேரு. கீழத் தெருவுல நாலு. என்னோட பதினொண்ணு. இருக்கறது ஒரு கேட்டு, வாச்மேன் பதினொண்ணு. ஆளுக்கு அர மணி நேரம் தொறந்து மூடலாம்."

அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்குத் தரத்தான போறாங்க. அது நீயா இருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

விஞ்ஞானி போகும்போது தலைவரிடமும் என்னிடமும் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருந்தார். "எதையும் மாத்த வேண்டாம். மோட்டார் ஓடட்டும், டிராக்டர் போகட்டும், குவாரி நடக்கட்டும். வழக்கம்போல இருந்தா போதும்."

"நீங்க கவலைய வுடுங்க மேடம். நாங்க பாத்துக்கறோம்," என்றார் தலைவர்.

விஞ்ஞானி எனக்குத் தம் கைபேசி எண்ணைக் கொடுத்தார். "வித்தியாசமா ஏதாவது நடந்தா ஒரு போன் பண்ணுங்க சார். நீங்க பத்திரிகைல இருந்தவர், கவனிப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடை முன்னால் தலைவர் கூட்டம் போட்டார். ஓர் ஊருக்கு ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் அந்த ஊர் தயாராக வேண்டும் என்பது அவர் அறிந்த ஒரே முறை. தெருவைப் பெருக்குவது, சாக்கடையை அள்ளுவது, சாலை ஓரம் சுண்ணாம்புக் கோடு போடுவது. இங்கே சுத்தம் செய்ய வேண்டியது சத்தத்தை. மறுநாள் முதல் குவாரி நடக்காது என்று அறிவித்தார். குவாரி முதலாளிக்கு வேறு இரண்டு குவாரிகள் உண்டு, கம்ப்ரசரைச் சர்வீஸுக்கு அனுப்பும் வேலையும் பாக்கி இருந்தது, சரி என்றுவிட்டார். தக்காளி லாரிகள் ஊருக்குள் வராமல் பெரிய சாலையிலேயே நிற்கும். பெட்டிகளைத் தலையில் சுமந்துபோய் ஏற்ற வேண்டும். கிணற்று மோட்டார் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். உழவு இல்லை. கோயிலில் ஒலிபெருக்கி இல்லை.

"பத்து நாளு பொறுத்துக்கங்க. ஊரே பொழைக்கப் போவுது," என்றார். "அரசாங்கப் பணம். கோடிக்கணக்குல வருது."

"நடக்கலாமா தலைவரே? இல்ல தவழ்ந்து போவணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நீ குடிக்காம நடந்தாவே போதும்," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

விஞ்ஞானி சொன்னதற்கு இது நேர் எதிரானது என்று எனக்குத் தெரியும். அவர் எண் என்னிடம் இருந்தது. நான் போன் செய்யவில்லை. செய்திக்குள் நாம் இருக்கக் கூடாது என்பது மேசையில் கற்ற பழக்கம். ஆனால் அது காரணமல்ல. போன் செய்தால் தம்பி மெஷினோடு இருப்பான். செய்யாவிட்டால் வேலை இல்லாமல் இருப்பான். இரண்டில் எதையும் நான் செய்ததாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை முதல் சத்தம் நின்றது. நான் ஊர் திரும்பிய நாளிலிருந்து காலை எட்டரைக்குக் கம்ப்ரசர் கேட்காத வார நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒரு மணிக்கு வெடிச் சங்கு ஊதும், பிறகு வெடிக்கும், பாத்திர அலமாரி ஒரு முறை அதிரும். திங்கட்கிழமை ஒரு மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தம்பி மனைவியும் பார்த்தாள்.

தம்பி முதல் இரண்டு நாள் படுத்தே இருந்தான். மூன்றாம் நாள் கொல்லைக்கு வந்து தக்காளிப் பெட்டிகளைத் தோளில் தூக்கிப் பெரிய சாலைக்குக் கொண்டுபோனான். ஐந்தாவது நடை திரும்பியபோது தம்பி மனைவி அவன் கையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பெட்டியின் உடைந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. ரத்தம் முழங்கை வரை வழிந்து காய்ந்துபோயிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"எது?" என்றான்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, கீழத் தெருவில் ஒரு முதியவர் இறந்தார். எங்கள் ஊரில் பிணம் மேளம் இல்லாமல் போகாது. வழியெல்லாம் வேட்டும் போடுவார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதை எங்கள் கொல்லையை ஒட்டிப் போகிறது. தலைவர் இழவு வீட்டுக்கு வந்து, மாலையைப் போட்டுவிட்டு, இறந்தவரின் மகனைத் தனியாக அழைத்தார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன்.

"மோளம் வேணாம்பா. வேட்டும் வேணாம். பெட்டி இருக்குது."

"என்னங்க பேசறீங்க?" என்றார் மகன். "எங்கப்பன் எழுவத்தெட்டு வயசு வாழ்ந்த மனுசன். மோளம் இல்லாம எடுக்க அது அனாதப் பொணமா?"

"ஏம்பா, உன் பையனுக்கு அந்தக் கம்பெனில வேலை வேணும்னு போன வாரம் யாரு வந்து நின்னது? நானா?"

மகன் தரையைப் பார்த்தார். "சங்காவது ஊதலாமா?" என்று கேட்டார்.

தலைவர் யோசித்தார். "சங்கு ஊதிக்க. அது காத்துலதான் போவும். மண்ணுல எறங்காது."

நாற்பது ஐம்பது பேர் நடந்து போனோம். சங்கு ஊதுபவர் ஒருவர் மட்டும் முன்னால் போனார். எங்கள் கொல்லையை நெருங்கியபோது அவரும் நிறுத்திக்கொண்டார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சள் நாடா கட்டிய இடத்தைத் தாண்டும்வரை செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "எல்லாரும் ஒண்ணா கால வெக்காதீங்கடா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாண்டியதும் சங்கு மறுபடி ஊதியது.

அந்த நாட்களில் தம்பி மனைவி ஒரு காரியத்தைத் தொடங்கியிருந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது: விட்டால் சில நாட்களில்கூடத் தெரியலாம். காலையில் டீ குடித்ததும் தம்பியை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அதன் நுனியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்ப்பாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல."

பத்து விரலுக்கும் பத்து 'இல்ல'. பிறகு ஹேர்பின்னைத் தலையில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். செவ்வாயிலிருந்து இது தினமும் நடந்தது. நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னைத் தூக்கினாள். தெருவில் ஏதோ பார்த்தாளோ என்னவோ, ஒரு கணம் அப்படியே நிறுத்தினாள்.

"தெரியுது," என்றான் தம்பி.

அவள் அசையவில்லை. ஹேர்பின் அவன் விரலிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருந்தது.

"நான் இன்னும் குத்தவே இல்ல," என்றாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். அவள் பின்னைத் தலையில் செருகிக்கொண்டாள். நான் பேப்பரைத் திருப்பினேன். திங்கட்கிழமையிலிருந்து அவள் குத்திப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஜீப் வந்தது. குவாரி நின்று அது பத்தாவது நாள். தலைவர் முன்பே வந்து இளநீர் வெட்டி வைத்திருந்தார். விஞ்ஞானி குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த பதிவைத் தம் லேப்டாப்பில் ஏற்றினார். ஜீப்பின் நிழலில் நாங்கள் நால்வரும் இருந்தோம்: அவர், தலைவர், தம்பி, நான். ஓட்டுநர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் இடமிருந்து வலமாக இரண்டு வாரம் கிடந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மதியம் ஒரு மணிக்கு ஒரு செங்குத்துக் கோடு எழுந்து விழுந்தது. பகல் முழுவதும் கோடு தடித்து, மயிர் சிலிர்த்ததுபோல் இருந்தது. ஞாயிறு மெலிந்திருந்தது. திங்களும் மெலிந்திருந்தது. அதன் பிறகு கடைசிவரை அப்படியே. ஒரு கோடு.

அவர் இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"குவாரிய மூடிட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நிரந்தரமாக மூடப்பட்டிருந்தால் பதிவு செல்லும். அறிக்கை அந்த வாரமே போகும்.

"ஆமாங்க மேடம்," என்றார் தலைவர். "மூடியாச்சி. இளநி குடிங்க."

விஞ்ஞானி இளநீரை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "சார்?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நான்கு வினாடி இருக்கலாம். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"லீவு வுட்டிருக்காங்க," என்றான் தம்பி.

"லீவா?"

"உங்களுக்காவத்தாங்க. சத்தம் கேட்டா நீங்க வேற ஊருக்குப் போயிருவீங்கன்னு. மோட்டாரு ஓடல. லாரி வரல. எழவுக்குக்கூட மோளம் அடிக்கல."

தலைவர் அவனை முறைத்தார். "உன்னக் கேட்டாங்களாடா?"

விஞ்ஞானி லேப்டாப்பைப் பாதி மூடினார். "வழக்கம்போல இருங்கன்னு சொன்னேனே," என்றார். கோபம் இல்லை, களைப்பு.

"பெரிய ஆபீசருங்க வந்தா ரோட்டோரம் சுண்ணாம்பு போடறதில்லீங்களா மேடம்? அது மாதிரிதான்," என்றார் தலைவர். "இதுல என்ன தப்பு? நீங்க கேட்டது அமைதி. குடுத்தோம். அப்பிடியே எழுதிருங்க. கட்டறப்ப குவாரிய எப்பிடியும் மூடத்தான போறாங்க?"

"குவாரிய மூடலாம். மோட்டாரை? உழவை? லாரியை? அதெல்லாம் எவ்வளவு ஆட்டும்னு பார்க்கத்தான் இதை வெச்சோம். இதை இப்படியே குடுத்தா கட்டி முடிச்ச பிறகுதான் தெரியும். அப்ப தெரிஞ்சா அத்தனை பணமும் போச்சு. யார் பணம் அது? உங்க பணம்தான்."

தலைவர், "எங்க பணம்னா எங்களுக்கே குடுத்துருங்களேன்," என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. இளநீரை ஓட்டுநரிடம் நீட்டினார்.

மறுபடி இரண்டு வாரம் பதிவு செய்ய முடியுமா என்று நான் கேட்டேன். அது மட்டுமே நான் கேட்ட கேள்வி. இந்த உருளை அடுத்த வாரம் மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து திரும்பி வந்து இங்கே இரண்டு வாரம் வைத்து, கணக்கிட்டு, அறிக்கை எழுதி, குழு கூடிப் பார்ப்பதற்குள் மார்ச் போய்விடும் என்றார். நான்கு வேலை நாள் மட்டும் இங்கே கூடுதலாக விட்டுவைக்க முடியும். குவாரி ஓடட்டும், எல்லாம் ஓடட்டும். குறைந்த நாள் பதிவு என்று குறிப்பெழுதி அனுப்புவேன் என்றார். அவருடைய ஒப்பந்தமும் மார்ச்சில்தான் முடிகிறது என்பதை ஓட்டுநர் பிறகு என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

அன்று காலை தம்பி மனைவி அவனுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கீழிருந்து மேலாக ஐந்து பொத்தான். கடைசிப் பொத்தானைப் போடும்போது, "நீ எதுக்குச் சொன்ன?" என்று கேட்டாள்.

"கேட்டாங்க, சொன்னன்."

"உன்னையா கேட்டாங்க? மாமாவத்தான கேட்டாங்க?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "அண்ணன் சொல்லல," என்றான்.

வேலை போய்விடக் கூடாது என்று சொன்னானா, கேட்டதால் சொன்னானா, ஞாயிற்றுக்கிழமை காலை ஹேர்பின் விஷயத்தில் நடந்ததால் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நிருபராக இருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பக்கத்து அறையில் தூங்குகிறவனிடம் அதைக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் அவனிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில் பேச்சு நிற்கும், அவன் குடித்துவிட்டுப் போனதும் தொடரும். இறந்தவரின் மகன் மட்டும் ஒரு நாள் வழியில் நிறுத்தினார். "எங்கப்பன எடுக்கறதுக்கு முந்தி சொல்லியிருந்தா மோளமாச்சும் அடிச்சிருப்பன்," என்றார். தம்பி, "ஆமாங்க," என்றான். அவர் தம் வழியே போய்விட்டார்.

திங்கட்கிழமை மாலை உருளையை எடுக்க ஜீப் வந்தது. தம்பி வேலை முடிந்து கல்தூசியோடு நேராகக் கொல்லைக்கு வந்திருந்தான். விஞ்ஞானி பதிவை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"இதுல நான் எதுங்க?" என்று கேட்டான்.

அவர் திரும்பிப் பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் திரையைப் பெரிதாக்கினார். செங்குத்தாக எழுந்தது வெடி. அகலமாக வீங்கியிருந்தது லாரி. இவற்றுக்கு அடியில், காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு நின்ற ஒரு மெல்லிய, சீரான, நெருக்கமான பட்டை.

"இது அண்ணா. நடுவுல அரை மணி நேரம் இல்ல பாருங்க. அது நீங்க சாப்பிட்ட நேரம்."

"எல்லா மெஷினும் சேந்தா?"

"மூணு மெஷின். ஒண்ணு மட்டும் கொஞ்சம் நிதானமா அடிக்குது. மத்த ரெண்டும் வேகம்."

"நிதானமா அடிக்கறது நான்," என்றான் தம்பி. "அவனுங்க சின்னப் பசங்க."

குனிந்து, ஆள்காட்டி விரலை அந்தப் பட்டையின்மேல் வைத்தான். விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வைத்தான். அழுத்தம் அதிகம். விரலைச் சுற்றித் திரையின் நிறம் மாறி வளையமாகப் பரவியது. அவனுக்கு அது தெரியவில்லை. அவனாக எடுக்கும்வரை விஞ்ஞானி லேப்டாப்பை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் குழியிலிருந்து உருளையைத் தூக்கினார். சிமெண்ட் தளம் மட்டும் அடியில் இருந்தது. அதைப் பெயர்க்க வேண்டுமா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

முடிவு மார்ச் கடைசி வாரம் வந்தது. நான் வேலை பார்த்த நாளிதழில் நான்கு வரி. ஏழாம் பக்கம், கீழே. வேறு மாவட்டத்தில் வேறு இடம். எங்கள் ஊரின் பெயர் அதில் இல்லை. பரிசீலனையில் இருந்து விடுபட்ட இடங்களைப் போட வேண்டிய அவசியமில்லை. நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். பணம் திரும்பிப் போகவில்லை, நேரத்துக்குள் ஒதுக்கிவிட்டார்கள். அதுதான் செய்தி.

அந்த வரிகளைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அவன் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். "சரிங்க மாமா," என்றாள். பொத்தான்களை முடித்துவிட்டு உள்ளே போய்த் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து தம்பியின் வலது கையில் மாட்டினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவளே மடக்கிவிட்டாள்.

மணி எட்டே கால். கம்ப்ரசர் இன்னும் தொடங்கவில்லை. தம்பி வாசலைத் தாண்டினான். தெருவில் நான்கடி போனதும் நின்றான். தூக்குச்சட்டி கையில் இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு நடந்தான்.